அழாமல் பிறக்க வேண்டியவள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நீயும் உன் மனைவியும் நலந்தானே? அவளுடைய அச்சகத்தில் கண்ணைக் கெடுக்கும் அந்தப் பழைய விளக்கை மாற்றினார்களா? பிழை திருத்துகிறவளுக்கே கண் போனால் அப்புறம் வருகிற புத்தகமெல்லாம் பிழையாகத்தான் வரும் என்று முதலாளியிடம் சொல்லச் சொல்.

நீ கடிதத்தில் கேட்டதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்று முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ வாய் திறக்க முடியாது. நீ ஆரம்பித்தால் சரியாக அப்போதுதான் பிரசவ வார்டில் என்னைக் கூப்பிடுவார்கள். கடிதந்தான் சரி, யாரும் குறுக்கே பேச முடியாது.

பிறந்த குழந்தையை முதல் நிமிஷத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டிருக்கிறாய். இருபது வருஷமாகச் செய்கிற வேலை, சொல் என்றால் வார்த்தை வரவில்லை. டாக்டர் எடுத்துக் கொடுப்பார். என் கையில் சூடான துணி இருக்கும். வாங்குவேன், துடைப்பேன், முதுகை மேலும் கீழும் தேய்ப்பேன். அழுதால் சரி. அழாவிட்டால் இன்னும் அழுத்தித் தேய்ப்பேன், உள்ளங்காலில் சுண்டுவேன். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, எங்களுக்கு அதுதான் டியூட்டி. குழந்தை அழுத பிறகுதான் அந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் மூச்சு வரும்.

ஐந்தரை மாதத்தில் வந்துவிடும் சின்னஞ்சிறுசுகள் வேறு கதை. தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், துடைத்தால் கையோடு வரும். பிளாஸ்டிக் உறையில் வைத்துக் கட்டைவிரலால் மட்டும் முதுகை வருடுவோம். அழுகை என்று சொல்ல முடியாது, கதவுக் கீல் கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பெரும்பாலும் அதோடு சரி. காற்றை இழுக்கும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நுரையீரல் இன்னும் ஆகியிருக்காது. வெளியே போய் அம்மாவிடம் சொல்வது என் வேலை. டாக்டர்களுக்கு அந்த நேரம் பார்த்து வேறு எங்காவது ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும்.

இதெல்லாம் எதற்கு உனக்கு? நீ ஆட்டுக்குட்டிகளை வைத்து ஏதோ செய்கிறாய் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. கேட்டவர்களிடம் என் தம்பி இன்ஜினியர் என்பதா, ஆட்டு டாக்டர் என்பதா? எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

என் கண்ணாடியைப் பார்த்து நீ சோடாபுட்டி என்று கூப்பிடும் தம்பி எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். விளக்கை இன்னும் மாற்றவில்லை. உன் முழங்காலுக்கு மருந்து போடுகிறாயா, அல்லது நோயாளிகளுக்கு மட்டும்தான் சொல்வாயா?

நாங்கள் செய்வது ஒரு பை. தலையணை உறை அளவு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். அதில் வெதுவெதுப்பான நீர், தாயின் வயிற்றில் இருக்கிற அதே உப்புச் சேர்க்கையோடு. குறைமாதத்தில் எடுத்த ஆட்டுக்குட்டியை அதற்குள் விடுகிறோம். அதன் தொப்புள்கொடியில் நான் செய்த குழாய் இணைப்பு. குட்டியின் இதயமே இரத்தத்தை வெளியே தள்ளும். வெளியில் ஒரு சின்னப் பெட்டியில் அதற்குப் பிராணவாயு ஏறித் திரும்பிப் போகும். நுரையீரல் அவசரப்படாமல் நீருக்குள்ளேயே வளரும். போன மாதம் ஒரு குட்டி பைக்குள் கண்ணைத் திறந்தது. உள்ளே வந்தபோது கறுப்புத் தோலாக இருந்தது, இப்போது உடம்பெல்லாம் வெள்ளை ரோமம். தூக்கத்தில் எங்கோ ஓடுகிற மாதிரி காலை உதைக்கிறது. மதியச் சாப்பாட்டை அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. வெளியே எடுத்து, கொடியை இணைத்து, பைக்குள் விடும்வரை குட்டி மூச்சு விடக் கூடாது. ஒரு தடவை காற்றை இழுத்துவிட்டால் உடம்பு தான் பிறந்துவிட்டதாக முடிவு செய்துவிடும். கொடியில் இருக்கிற இரத்தக்குழாய் இறுகி மூடிக்கொள்ளும். பிறகு அதை யாராலும் திரும்பப் பைக்குள் வைக்க முடியாது. அதனால்தான் முதல் நிமிஷத்தைப் பற்றி உன்னிடம் கேட்டேன். நீ அழவைக்கிறவள், நான் அழவிடாதவன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் பார்க்கிற வேலையா இது?

இன்னொன்று. அவள் மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். முன்பு இரண்டு தடவையும் ஐந்து மாதம் தாண்டியதும் என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். அதனால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். உன்னிடம் சொல்லாமல் இருக்க எனக்கு வரவில்லை. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நான் நலம். அவள் எப்படி இருக்கிறாள்? வாந்தி நின்றதா? ஒரு வாய் சோறாவது தங்குகிறதா?

உன் கடிதத்தை மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு படித்தேன். சந்தோஷம் என்று எழுதப் பயமாக இருக்கிறது, பயம் என்று எழுத மனசு வரவில்லை. இரண்டையும் சேர்த்து விழுங்கியதில் எனக்கு ஏப்பம்தான் வந்தது. இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் முன்கூட்டியே தையல் போடச் சொல். பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதும் அலமாரியின் மேல்தட்டை எட்டுவதும் இனி உன் வேலை. முக்கியமாக, அவளை உன் ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்க்காதே. அவள் வயிற்றைப் பார்த்து நீ அளவெடுத்தால் அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதே. எங்களுக்கு முதுகிலும் கண் உண்டு.

உன் இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லென்ற கை பட்டாலே கொடி சுருங்கிவிடும். கையுறை, குழாய் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்து எடுங்கள். 

பிழைத்த குட்டிகளைப் பற்றியே எழுதியிருக்கிறாய். செத்தவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. எத்தனை செத்தன, எதனால் செத்தன? நர்ஸிடம் பாதிக் கதை சொல்லாதே, மீதியை அவள் தானே கண்டுபிடித்துவிடுவாள்.

உன் அக்கா


ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே தையல் போட்டாயிற்று. படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அச்சகத்திலிருந்து புரூஃப் தாள்களை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். வயிற்றின் மேல் வைத்துத் திருத்துகிறாள். குழந்தை பிறந்ததும் முதலில் ‘இங்கே கமா எங்கே?’ என்றுதான் கேட்கும்போல. உனக்குத் தெரியும் என்று அவளிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். ‘உங்க வாய்ல நிக்காதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்’ என்றாள்.

வெதுவெதுப்பு விஷயம் நீ சொன்னபடியே பலித்தது. இப்போது கொடி சுருங்குவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. எங்கள் தலைமை டாக்டரம்மா உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

எங்கள் மருத்துவமனையின் நெறிமுறைக் கமிட்டி அனுமதி கொடுத்துவிட்டது. முதல் முறையாக மனிதக் குழந்தைக்கு. வேறு எந்தச் சிகிச்சையும் செய்து பயனில்லை என்று டாக்டர்கள் கைவிடுகிற மாதத்தில் பிறப்பதாக இருந்தால் மட்டும், பெற்றவர்கள் சம்மதித்தால் மட்டும். யார் அந்த முதல் குழந்தை என்பது யாருக்கும் தெரியாது.

குட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது நீளமான கதை, நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

நலம். அவளுக்குக் கால் வீங்காமல் பார்த்துக்கொள்.

நீளமான கதை என்றால் செத்தவை அதிகம் என்று புரிந்துகொண்டேன். போகட்டும். யார் அந்த முதல் குழந்தை என்று தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நீ எதை நினைத்துக்கொண்டு அந்த வரியை எழுதினாயோ அதையேதான் நானும் நினைத்தேன். நினைத்ததே அவளுக்குச் செய்த துரோகம் மாதிரி இருக்கிறது. அவள் மாசம் நிறைந்து, வலி எடுத்து, ஊரைக் கூட்டிப் பெறட்டும். உன் பை தூசி பிடித்துக் கிடக்கட்டும். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

உன் அக்கா


மே 16

அக்கா,

போனில் ‘உடனே வா’ என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது, அவள் பக்கத்தில் இருந்தாள். மீதியை எழுதி, உன்னைக் கூட்டிவர அனுப்பும் கார் ஓட்டுகிறவரிடம் கொடுத்திருக்கிறேன். வழியில் படி. இந்தத் தடவை உன் நலத்தைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை, மன்னித்துக்கொள்.

நேற்றுக் காலை பனிக்குடம் உடைந்துவிட்டது. அதிகம் போனால் இரண்டு மூன்று நாள் தள்ளலாம் என்கிறார் டாக்டரம்மா. பெண் குழந்தை. அரைக் கிலோகூட இல்லை. இங்கே இந்த மாதத்துக் குழந்தைக்கு எதுவும் செய்ய மாட்டார்கள், துணியில் சுற்றி அம்மா கையில் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு அது இரண்டு தடவை ஆகியிருக்கிறது. இரண்டும் சத்தமே போடவில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். இவள் அளவு சின்னதாக இருந்த குட்டிகளில் பாதிக்கு மேல் செத்துவிட்டன. சிலவற்றுக்கு மூளையில் இரத்தம் கசிந்தது. சில ஏன் என்றே தெரியவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி பிழைக்குமா என்று கேட்டாள். பாதிக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். ‘இதுவரைக்கும் எனக்கு யாரும் அவ்வளவுகூட சொன்னதில்ல’ என்று கையெழுத்துப் போட்டாள்.

எங்கள் குழுவில் ஒருவரும் இவ்வளவு சின்ன மனிதக் குழந்தையைக் கையில் வாங்கியதில்லை. ஆட்டுக்குட்டி என்றால் நீட்டமான கால், குளம்பு. பழகிய கை ஒன்று வேண்டும் என்றார் டாக்டரம்மா. உன் கையை விட நல்ல கை எனக்குத் தெரியாது. குடும்பத்து ஆட்கள் அறைக்குள் இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. இணைப்பைச் செய்ய வேறு ஆள் இல்லை என்பதால் எனக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். வேறு ஊர் மருத்துவமனையின் மூத்த நர்ஸ் என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நீயும் அப்படியே இரு, என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிடாதே.

‘எல்லாம் சரியாக நடந்தால் நீ எந்த அழுகையையும் கேட்க மாட்டாய்’ என்று அவளிடம் சொல்லி வைத்தேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, ‘அண்ணி கையில வாங்கட்டும். அப்ப பயப்பட மாட்டேன்’ என்றாள்.

தம்பி


மே 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஒரு வாரமாக ஒரு தகவலும் இல்லை. எல்லாம் முடிந்த அன்று சாயங்காலமே யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாய். அவள் உன்னைத் தேடினாள். டியூட்டி என்று சொல்லி வைத்தேன்.

அறிக்கையில் எழுதியதை உனக்கும் எழுதுகிறேன். யாராவது கேட்டால் நீயும் இதையே சொல்ல வேண்டும்.

ரப்பர் பொம்மையை வைத்துப் பழகியதெல்லாம் குறையில்லாமல் நடந்தது. அறுவையும் நன்றாகவே நடந்தது. தாய்க்குப் போட்ட மருந்தினால் குழந்தை அசையாமல் வெளியே வந்தது. உதவிக்கு வந்த வேறு ஊர் நர்ஸ் தன் உள்ளங்கைகளில் தாங்கிக்கொண்டார். நான் கொடியில் இணைப்பைச் செலுத்தும்போது இரத்தக்குழாய் இறுகிவிட்டது. குழாய் உள்ளே போகவில்லை. தாமதமாயிற்று. அந்தத் தாமதத்தில் குழந்தை காற்றை இழுத்துவிட்டது. பைக்குள் விடும் முயற்சி கைவிடப்பட்டு, செயற்கைச் சுவாசம் கொடுக்கப்பட்டது. மறுநாள் சாயங்காலம் இறந்தது. காரணம், இணைப்பின் வடிவமைப்பில் குறை.

மேலே இருந்த கேமராவின் பதிவை நான்தான் பார்த்து எழுதினேன். டாக்டரம்மா அழுதுகொண்டிருந்தார், அவர் பார்க்கவில்லை.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தை அந்தச் சத்தத்தைப் போட்டபோது நாங்கள் அத்தனை பேரும் மரமாக நின்றோமே, திரைக்கு அந்தப் பக்கம் அவள் மட்டும் சிரித்தாள். இப்போது வருகிறவர்கள் எல்லாரிடமும் அதைச் சொல்கிறாள். ‘ஒரு தடவை என்னைக் கூப்பிட்டா. அண்ணி கைல இருந்துகிட்டு கூப்பிட்டா’ என்கிறாள். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது. உனக்கு நன்றி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தம்பி


மே 29

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அவள் உடம்பைப் பார்த்துக்கொள். வயிற்றில் தையல் போட்ட இடத்தில் சிவப்போ சீழோ இருக்கிறதா? காய்ச்சல் வருகிறதா?

அவளுக்குப் பால் சுரந்திருக்கும். யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள், உடம்புக்கு நடந்தது தெரியாது. கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கும். பிதுக்கி எடுக்க வேண்டாம், எடுக்க எடுக்க ஊறும். பொருத்தமான உள்ளாடை போடச் சொல், இறுக்கமாக வேண்டாம். ஈரத்துணியைச் சில்லென்று வைக்கலாம். சில நாளில் தானாக நின்றுவிடும். நிற்கும் அன்றைக்கு இன்னொரு தடவை அழுவாள். பக்கத்தில் இரு, எதுவும் பேசாதே.

நான் மருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாடி ஏற வேண்டியதில்லை.

உன் அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் உடம்பு தேவலையா? அவள் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். சாப்பிடுகிறாள். பால் விஷயம் நீ எழுதியபடியே ஆயிற்று, கடைசி நாள் உட்பட.

இங்கே என் அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இந்த இணைப்பை வைத்துக்கொண்டு மனிதக் குழந்தையைத் தொட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முதலிலிருந்து ஆரம்பிக்கப் பல வருஷம் ஆகும், அதற்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை. பையின் மேல் வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருக்கிறோம். இருந்த குட்டிகளை வேறு பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எனக்கு நரம்பில் மருந்து ஏற்றும் பம்ப் ரிப்பேர் வேலை. டாக்டரம்மா என்னிடம் பேசுவதில்லை. கொடியில் அத்தனை தடவை சரியாக நுழைந்த குழாய் அன்றைக்கு மட்டும் எப்படி நுழையாமல் போனது என்று ஒரே ஒரு தடவை கேட்டார். என் கை நடுங்கியது என்று சொன்னேன்.

நல்ல வேலைக்காரி நீ, ஏன் ஸ்டோருக்குப் போனாய்? முழங்கால்தான் காரணம் என்றே நான் நம்பிக்கொள்கிறேன்.

தம்பி


செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. நீயும் இல்லை என்று தெரியும்.

போன வாரம் வார்டில் ஆள் போதவில்லை என்று என்னை ஸ்டோரிலிருந்து கூப்பிட்டார்கள். ஐந்தரை மாதத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவமாகிவிட்டது. குழந்தையை என் கையில் வைத்தார்கள். நான் அப்படியே நின்றேன். இன்னொரு நர்ஸ் என்னைத் தள்ளிவிட்டு வாங்கிக்கொண்டாள். அவள் வாங்கினாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஆகவும் இல்லை. அந்தப் பெண் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: ‘இதுக்கு எங்கயுமே ஒண்ணும் இல்லையா சிஸ்டர்?’ இல்லம்மா என்றேன். பொய். ஒன்று இருக்கிறது. எனக்காக நீ சொன்ன பொய்யினால் அது ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில் கிடக்கிறது.

உன் இணைப்பு சரியாகவே நுழைந்தது. நானும் அங்கேதான் நின்றேன். உன் மகள் வெளியே வந்தாள். அசையாமல்தான் இருப்பாள், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா எத்தனை தடவை சொன்னார். ‘தாங்குங்க, அவ்வளவுதான். வேற எதுவும் செய்யாதீங்க’ என்றார். பொம்மையோடு பழகியபோது என் கை கல் மாதிரி இருந்தது. ஆனால் இவள் பொம்மை இல்லை. வெதுவெதுப்பாக, நீலமாக, துவண்டுபோய் என் உள்ளங்கையில் கிடந்தாள். என் புத்தி ஒன்றும் நினைக்கவில்லை. கைதான் நினைத்தது, குழந்தை போய்விட்டது என்று. கட்டைவிரல் அவள் முதுகில் இரண்டு தடவை போய்வந்தது. அவள் வாயைத் திறந்தாள். அப்போது நீ நிமிர்ந்து என் கையைப் பார்த்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

நான் அங்கே வந்தது அவளைத் தாங்குவதற்கு. இருபது வருஷம் செய்த நல்ல காரியம் ஒன்றே அவளுக்கு எமனாயிற்று. இதை வைத்துக்கொண்டு நான் எப்படியோ இருந்துகொள்கிறேன். ஆனால் அந்தப் பை மூடிக்கிடப்பதற்கு நான் காரணமாக இருக்க மாட்டேன். டாக்டரம்மாவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மனைவியிடம் நீ சொல். உன்னால் முடியாவிட்டால் நான் வந்து சொல்கிறேன். அவள் எனக்கு நன்றி சொல்வதை இனிமேல் என்னால் வாங்கிக்கொள்ள முடியாது.

அக்கா


அக்டோபர் 15

அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்.

கமிட்டி பதிவைப் பார்த்தது. இணைப்பில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீ கேட்டது கிடைத்தது. அடுத்து, பதிவைப் பார்த்தும் பொய் அறிக்கை எழுதியவன் யார் என்று கேட்டார்கள். சொந்த அக்காவை யாரோ போலக் காட்டி உள்ளே கொண்டுவந்தவன் யார் என்று கேட்டார்கள். இப்படிப்பட்டவர்களை நம்பி இன்னொரு குழந்தையைக் கொடுக்க முடியாது என்று அனுமதியையே ரத்து செய்துவிட்டார்கள். முதலில் பல வருஷம் என்றார்கள், இப்போது அந்தப் பேச்சும் இல்லை. டாக்டரம்மாவையும் சேர்த்து எங்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வந்தபோது தாழி உடைந்தது என்பார்கள். உடைத்தது நான்தான். உன் கை இரண்டு தடவை அசைந்தது, நான் உட்கார்ந்து யோசித்துப் பொய் சொன்னேன்.

பெற்றவளுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் விதி. நான் சொல்லிவிடுகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனேன். அதற்குள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: ‘அப்ப அவ அழாம இருந்திருந்தா?’ உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு இருந்திருக்கும் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் அந்த அழுகையைப் பற்றிச் சொல்வதில்லை. என்னோடும் பேசுவதில்லை. நீ வர வேண்டாம். உன் மேல் எனக்குக் கோபமில்லை அக்கா, கோபப்படுகிற தெம்புகூட இல்லை. உண்மையைச் சொன்னதால் உனக்காவது கொஞ்சம் பாரம் குறைந்ததா என்று மட்டும் எழுது. யாருக்காவது ஒரு பயன் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி


நவம்பர் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நலம் என்று எழுதினால் அது பிழை. தெரிந்தே விட எனக்குக் கை வரவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும், கேட்கிறேன்.

உங்கள் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. வந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். உங்களைக் கேட்டு வரவழைத்ததே நான்தான். எனக்கு வேறு ஒன்று ஆறவில்லை. இவர் மறைத்தது எனக்காக என்கிறார். நீங்கள் சொன்னது நான் பார்த்தே இராத மற்றப் பெண்களுக்காக. மறைத்தபோதும் சொன்னபோதும் என்னை யாரும் கேட்கவில்லை. மகள் என்னுடையவள்.

எனக்கு அவளிடமிருந்து கிடைத்தது அந்த ஒரு சத்தம்தான். முன்னால் போன இரண்டு பேரும் அதுகூடத் தரவில்லை. அதனால்தான் ஊரெல்லாம் சொன்னேன். அச்சகத்தில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் சொன்னேன். தூங்கப் போகுமுன் அதை ஒரு தடவை நினைத்துக்கொள்வேன், அப்போதுதான் கண் மூடும். என்னைக் கூப்பிட்டாள் என்று நினைத்தேன். அவள் சாவதற்கு ஆரம்பித்த சத்தம் அது. அதைக் கேட்டுத்தான் நான் சிரித்தேன்.

இப்போது நினைக்க வேண்டாம் என்றாலும் கேட்கிறது. புரூஃப் படிக்கும்போது கேட்கிறது, குழாயைத் திறந்தால் கேட்கிறது. இவரிடம் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறார். நீங்கள் எத்தனையோ குழந்தைகளை அழவைத்தவர். ஓர் அழுகையை நிறுத்துவது எப்படி என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா